காற்று வருமிடம், நீர் போகுமிடம்

முப்பத்தொரு ஆண்டுகள் அம்புக்குறிகள் வரைந்து சம்பளம் பெற்றேன். இதைச் சொன்னால், கேட்பவர்கள் மேலும் ஏதோ வரும் என்று சிறிது நேரம் காத்திருக்கிறார்கள். மேலும் ஒன்றும் இல்லை. தேம்ஸ் ஆற்றிலோ, அது கடலில் கலக்கும் அகன்ற கழிமுகத்திலோ எவரேனும் காணாமற்போனால், அவரை நீரோட்டம் எவ்வளவு இழுக்கும், காற்று எவ்வளவு தள்ளும், இரண்டையும் கூட்டினால் அவர் இப்போது எங்கே இருப்பார் என்று வரைபடத்தின்மேல் வரைந்து மீட்புப் படகுக்குச் சொல்வது என் வேலை. லண்டனில் ஆற்றங்கரைக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், ஆற்றைப் பார்க்க முடியாத ஓர் அறையில் அதைச் செய்தோம்.

இதை எழுத வைத்தவர் நம் சங்க மலரின் ஆசிரியர். பினாங்கிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்த பின்னரும் திரும்பிப் போக மறந்துவிட்ட பொறியாளர் அவர். சென்ற மாதம் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் பதிக வகுப்பு முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, தம் மகளின் பரீட்சைத்தாளை என்னிடம் நீட்டினார். படகு விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் ஆற்றைக் குறுக்கே கடக்கிறது. ஆறு விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகின் வேகம் என்ன?

"ஐந்து," என்றேன்.

"அவளும் அதான் எழுதியிருக்கா, ஐயா. இந்த வேலையைத்தான் முப்பது வருசமா பார்த்தீங்களா? ரொம்பச் சுலபமா இருக்கே!"

"சுலபந்தான்."

"அப்ப ஏன் முப்பது வருசம்?"

பக்கத்திலிருந்த அன்பர்கள் சிரித்தார்கள். விடை ஐந்து என்று முழுதாய் வரும் ஆற்றை நான் பணியில் ஒருமுறையும் சந்தித்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். அது தப்பிக்கும் பதில். உண்மையில் கூட்டல் சுலபம். கூட்டுவதற்கு முன் இரண்டு எண்களையும் ஒருவர் எழுதவேண்டும். அந்த இடத்தில்தான் நான் ஒருநாள் தவறினேன். அதை எழுதித் தருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள் என்றார். முடியவில்லை.

என் பயிற்சிக் காலம் நீண்டதும் ஈரமானதும் ஆகும். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தேன். அங்கே இவற்றைக் காவிகள் என்போம்: அளவையும் திசையையும் சேர்த்துக் காவிச் செல்பவை என்பதால். இரண்டு காவிகளைக் கூட்டினால் வருவது விளையுள். சரக்குக் கப்பல்களில் ஆறு ஆண்டுகள் இளநிலை அதிகாரியாக இருந்தேன். சைவ உணவு கிடைக்காத ஆறு ஆண்டுகள் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பின்னர் லண்டனில் அந்த அறைக்கு விண்ணப்பித்தேன்.

என்னை நேர்முகம் கண்டவர் திருமதி டன்மோர். அவர்தாம் அறையின் தலைவி. கடற்படையில் இருந்தவர் என்று சிலரும், பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்று சிலரும் சொன்னார்கள். அவர் இரண்டையும் மறுக்கவில்லை. பணி நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. எவருடைய கணக்கிலேனும் ஐயம் வந்தால் ஒரே சொல்தான் சொல்வார்: "மறுபடி." எங்கே பிழை என்று சொல்லமாட்டார். பிழை இல்லாதபோதும் சில வேளைகளில் அப்படிச் சொல்வார். அதுவே எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

நேர்முகத்தில் ஒரு கணக்குத் தந்தார். ஆளில்லாத படகு ஒன்று. நீரோட்டம் அதைக் கிழக்கே இரண்டு நொட் வேகத்தில் இழுக்கிறது. காற்று தெற்கே ஒரு நொட் வேகத்தில் தள்ளுகிறது. நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். நான் தாளைத் தொடாமல், "இரண்டு தசம் இரண்டு நான்கு நொட், திசை நூற்றுப் பதினாறு தசம் ஆறு பாகை," என்றேன். வடக்கைப் பூச்சியமாக வைத்து வலஞ்சுழியாக எண்ணும் பாகை அது. யாழ்ப்பாணத்தில் இந்த விடைக்குக் கைதட்டியிருப்பார்கள்.

"மிஸ்டர் சிவா," என்றார் அவர். என் பெயர் சிவபாதம். அந்த அறையில் அதன் பின்பாதி எவர் வாயிலும் ஒருபோதும் நுழையவில்லை. "உங்கள் பென்சிலால் தசம் ஆறு பாகை வரைய முடியுமா?"

"முடியாது, மேடம்."

"தண்ணீரில் குளிர்ந்துகொண்டிருப்பவருக்கு அது தேவையா?"

"இல்லை, மேடம்."

"இரண்டேகால், நூற்றுப் பதினேழு. வேலையைத் திங்கட்கிழமை தொடங்குங்கள்."

அவர் அறையில் நடைமுறை இதுதான். வரைபடத்தின்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தாள் ஒன்றை விரிக்கவேண்டும். ஆள் கடைசியாக இருந்ததாகத் தெரிந்த இடத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து நீரோட்டத்தின் அம்பு. அதற்கு மூன்று தலைகள் போடவேண்டும். அதன் நுனியிலிருந்து காற்றின் அம்பு. அதற்கு ஒரு தலை. காற்று வீசும் வேகத்தில் படகு போகாது. அதில் ஒரு சிறு பங்குதான் போகும். இரப்பர் படகுக்கு ஒரு பங்கு, மரப்படகுக்கு வேறொன்று, நீரில் மிதக்கும் மனிதருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று அட்டவணை சொல்லும். முதற்புள்ளியையும் கடைசி நுனியையும் இணைத்தால் விளையுள். அதற்கு இரண்டு தலைகள். தலைகளை மாற்றிப் போட்டவரைத் திருமதி டன்மோர், "இது என்ன விலங்கு?" என்று கேட்பார்.

ஒவ்வொரு கணக்கையும் இருவர் வரையவேண்டும். ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு, ஒரே படிவத்தில் எழுதப்பட்ட எண்களைப் பார்த்து, தனித்தனித் தாள்களில். பிறகு திருமதி டன்மோர் ஒரு தாளை மற்றதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். கோடுகள் படிந்தால் சரி, விலகினால் "மறுபடி." தாளின் அடியில் வரைந்தவர் தம் பெயரை முழுதாக எழுதவேண்டும். இந்த வழக்கம் மட்டும் எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. பதிகம் பாடியவர்களும் கடைசிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, இதற்கு நானே பொறுப்பு என்று நின்றுவிடுகிறார்கள் அல்லவா?

இன்னொரு விதியும் உண்டு. நீரோட்டத்தை அது போகும் திசையால் சொல்வோம். காற்றை அது வரும் திசையால் சொல்வோம். கிழக்கு நீரோட்டம் கிழக்கே போகும். கிழக்குக் காற்று மேற்கே போகும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை. அவர் மீட்புப் பணியில் இருந்தவரல்லர் என்பது மட்டும் உறுதி. ஆனால் நாமும் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் அழைக்கிறோம். ஆகவே முறையிட எனக்கு உரிமையில்லை. படிவத்தில் காற்றுக்கென்று ஒரு சிறு கட்டம் இருந்தது. மூன்று இலக்கம் எழுதும் அளவு. வரைபவர் அதைப் பார்த்து, மனத்துக்குள் அரைச்சுற்றுத் திருப்பி, எதிர்த்திசையில் அம்பை வரைவார். சில மாதங்களில் இந்தத் திருப்பல் மூச்சுவிடுவதுபோல் ஆகிவிடும். அதுவே பின்னர் வினையாயிற்று.

நடுவில் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். ஏனெனில் என் கர்வத்துக்குக் காரணம் அது. ரிச்மண்ட் பக்கத்தில் ஒரு திருமண விருந்துக்காகக் கட்டியிருந்த மிதவை மேடை கயிறு அறுந்து ஆற்றோடு போய்விட்டது. அதில் முப்பத்தாறு நாற்காலிகள் இருந்தன. ஆள் எவரும் இல்லை. நானும் என் சக ஊழியர் கொலினும் வரைந்தோம். பாலம் ஒன்றின் மூன்றாவது வளைவுக்குள் இத்தனை மணிக்கு நுழையும் என்று சொன்னோம். நுழைந்தது. நாற்காலிகள் வரிசை குலையாமல் இருந்தன என்று படகோட்டி வானொலியில் அறிவித்தார். அன்றிலிருந்து என் கோடுகளை ஒருமுறைக்கு மேல் பார்ப்பதை நான் நிறுத்திக்கொண்டேன். எவரும் கவனிக்கவில்லை, தவறும் நேரவில்லை. இந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமை. மார்ச் மாதம். பகல் இரண்டு மணி. கைபேசிகள் தாம் இருக்கும் இடத்தைத் தாமே சொல்லாத காலம். அவசர அழைப்பு ஒன்று அறைக்கு வந்தது. கொலின் எடுத்துக் கேட்டு, ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "ஒரு மனிதர் மிக மரியாதையாகக் கத்துகிறார். உங்கள் மொழியாக இருக்கலாம்," என்றார்.

வாங்கினேன். பேசியவர் மரியதாஸ். மன்னாரில் மீன்பிடித்தவர், இப்போது தோர்ண்டன் ஹீத்தில் பேக்கரி ஒன்றில் வேலை. மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு, புதிதாக வாங்கிய இரப்பர் படகில் எசெக்ஸ் கரையிலிருந்து தூண்டில் போட வந்திருக்கிறார்.

"காலமைப் பூசைக்குப் போகாமல் வந்தது பிழைதான் ஐயா," என்றார் எடுத்தவுடன்.

"அதைப் பிறகு பாப்பம், தம்பி. என்ன நடந்தது?"

"எஞ்சின் நிண்டுட்டுது. ஒரு மணித்தியாலமா இழுத்து இழுத்துப் பாத்தம், ஏலாமல் போச்சு. மச்சான் அதோடை மல்லுக்கட்டித் தண்ணிக்குள்ளை விழுந்திட்டான். தூக்கி ஏத்திட்டன். ஆனா உடுப்பெல்லாம் ஈரம். நடுங்கிறான்."

பின்னால் ஒரு குரல் மரியதாசின் அறிவையும், அவர் வாங்கிய எஞ்சினையும், அதை விற்றவனின் குடும்பத்தையும் ஏசிக்கொண்டிருந்தது.

"அது ஆர்?"

"அவன்தான் ஐயா, மச்சான் றெஜி. விழுந்ததிலை இருந்து இப்பிடித்தான்."

"ஏசட்டும். நல்லது. எஞ்சின் எங்கை நிண்டது?"

"சிவப்பு மிதவை ஒண்டுக்குப் பக்கத்திலை. ஆறு எண்டு இலக்கம் போட்டிருந்தது. சரியா ஒரு மணி, மணிக்கூடு பாத்தனான்."

இப்படிப்பட்ட விடை ஆயிரத்தில் ஒருவர் சொல்வது. இடமும் நேரமும் கிடைத்துவிட்டன. கரை தெரிகிறதா என்று கேட்டேன். மப்பாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றார்.

எங்களுக்கு வேண்டியிருந்தது காற்று. அன்று காலை தென்கிழக்குக் காற்று. பிற்பகலில் அது வடமேற்குக்குத் திரும்பும் என்று வானிலை அறிவிப்பு. லண்டனில் திரும்பிவிட்டது. நாற்பது மைல் கிழக்கே, அவர்கள் இருக்குமிடத்தில் திரும்பிவிட்டதா என்பது எவருக்கும் தெரியாது. திருமதி டன்மோர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "காற்றைக் கேளுங்கள்," என்றார்.

"தம்பி, காத்து எப்பிடி?"

"நல்ல காத்து ஐயா. சின்னக் கொம்பாஸ் ஒண்டு இருக்கு. எங்களைத் தென்கிழக்கே தள்ளுது. ஐயா, மச்சானுக்குக் குடுக்க என்ன செய்ய? தேத்தண்ணியும் முடிஞ்சுது."

நனைந்த மேற்சட்டையைக் கழற்றவேண்டும், உலர்ந்ததைப் போர்த்தவேண்டும், இருவரும் ஒட்டி உட்காரவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே இடக்கையால் காதில் கருவியைப் பிடித்து, வலக்கையால் கட்டத்தில் எழுதினேன்: 135. தென்கிழக்கு.

அது காற்று போகும் திசை. கட்டம் கேட்டது வரும் திசை.

பேட்டரியில் இரண்டு கோடுகள்தாம் மீதம் என்றார் மரியதாஸ். கால்மணிக்கு ஒருமுறை நானே அழைக்கிறேன், இடையில் எவருடனும் பேசவேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். கொலினும் நானும் முதுகு காட்டி வரைந்தோம். கட்டத்தில் 135 என்று இருந்தது. இருவருமே வழக்கப்படி அரைச்சுற்றுத் திருப்பினோம். காற்றின் அம்பு வடமேற்கை நோக்கிப் போயிற்று. என் கையெழுத்தை நான் பிறருடைய கையெழுத்தைப்போல் நம்பினேன்.

திருமதி டன்மோர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிடித்தார். பென்சில் தடிப்பளவும் வேறுபாடில்லை. நீரோட்டம் கிழக்கே இரண்டு நொட். காற்றால் வடமேற்கே ஒன்றேகால் நொட்டுக்குச் சற்றுக் குறைவு. விளையுள் ஒன்றரை நொட்டுக்கும் குறைவு, வடகிழக்காக. அதாவது படகு மெதுவாக ஒரு மணல்திட்டின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆழமில்லாத நீர், கரைக்கும் அண்மை. எல்லோருக்கும் ஆறுதல் தரும் விடை. அந்த ஆறுதலாலேயே எவரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

"அங்கே காற்று இன்னும் திரும்பவில்லையா?" என்றார் அவர்.

"நூற்று முப்பத்தைந்து என்று இருக்கிறது," என்றார் கொலின்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மீட்புப் படகு மணல்திட்டுக்கு விரைந்தது.

இரண்டரை மணிக்கு அழைத்தபோது றெஜி இன்னும் ஏசிக்கொண்டிருந்தார். ஆனால் சொற்களுக்கிடையே இடைவெளி கூடியிருந்தது. இருபது நிமிடத்துக்குள் படகு வரும் என்றேன். இரண்டு நாற்பதுக்கு மீட்புப் படகு மணல்திட்டை அடைந்து, ஓரமாக மேலும் கீழும் ஓடியது. பறவைகள் இருக்கின்றன என்று அறிவித்தது. வேறொன்றும் இல்லை.

இரண்டு நாற்பத்தைந்து.

"ஐயா, மச்சான் ஏசுறதை நிப்பாட்டிட்டான்." மரியதாசின் குரல் தாழ்ந்திருந்தது. "தட்டினாக் கண்ணைத் திறக்கிறான். பிறகு மூடுறான்."

"படகு கிட்டத்திலைதான் நிக்குது, தம்பி. நீங்கள் இப்ப மணல்திட்டுப் பக்கம் வந்திருக்கவேணும். தண்ணி குறைவா இருக்கோ, பாருங்கோ."

"தண்ணி குறைவோ? ஐயா, இப்பத்தான் தூண்டில் ஈயத்தை விட்டுப் பாத்தனான். எட்டுப் பாகம் விட்டும் நிலம் தட்டேல்லை."

பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். எட்டுப் பாகம் என்றால் பதினான்கு மீட்டருக்கு மேல். மணல்திட்டின் ஓரத்தில் அந்த நேரம் மூன்று மீட்டர் நீர் இருந்தால் அதிகம். எஞ்சின் நின்ற படகில், நடுங்கும் மைத்துனனை மடியில் வைத்துக்கொண்டு, எவரும் கேளாமலே ஆழம் பார்த்த மனிதர் அவர். மன்னாரில் அவருக்கு அது பழக்கம்.

"காத்து மாறினதோ?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. எஞ்சின் நிக்க முந்தியே இந்தக் காத்துத்தான். அப்ப இருந்து தென்கிழக்கே தள்ளிக்கொண்டே போகுது."

படிவம் என் முன்னே இருந்தது. கட்டத்தில் என் கையெழுத்து. தள்ளுது என்றுதான் அவர் முதலிலும் சொன்னார். புதிதாக வருவோருக்கு இந்த விதியை ஓதி வைத்தவன் நான்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவனே. திருமதி டன்மோர் பின்னால் நிற்கிறார். கொலின் பென்சிலோடு காத்திருக்கிறார். "காற்று இப்போது திரும்பிவிட்டது என்கிறார்," என்று நான் சொன்னால் எவரும் மறுக்க முடியாது. வானிலை அறிவிப்பே எனக்குச் சாட்சி. படிவத்தில் எழுதியது அந்த நேரத்துக்குச் சரியாகிவிடும். வாக்கியம் முழுதாய், ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையின்றி என் நாவில் வந்து நின்றது.

அதையும் ஒரு கணக்காகவே பார்த்தேன். காற்று இப்போதுதான் திரும்பியது என்றால், இதுவரை அவர்கள் மணல்திட்டுக்குப் போனதாக வரைந்த கோடு அப்படியே நிற்கும். புதிய அம்பு அங்கிருந்து தொடங்கும். மீட்புப் படகு அங்கிருந்தே தேடத் தொடங்கும். அவர்கள் உண்மையில் இருக்கும் இடம் அதற்கு நான்கு மைலுக்கு மேல் அப்பால். றெஜிக்கு நான்கு மைல் நேரம் இல்லை.

"மேடம், கட்டத்தில் உள்ள எண் பிழை," என்றேன். "நான் எழுதியது. காற்று தள்ளும் திசையை எழுதிவிட்டேன். தொடக்கத்திலிருந்தே வடமேற்குக் காற்று."

திருமதி டன்மோர் இரண்டு புதிய தாள்களை எடுத்து, ஒன்றைக் கொலினிடமும் ஒன்றை என்னிடமும் தந்தார்.

"மறுபடி," என்றார். "முதுகு காட்டி."

அந்த நிலையிலும் இருவராகவே வரைந்தோம். ஒரு நிமிடம் சென்றது. நீரோட்டம் கிழக்கே இரண்டு. காற்றால் தென்கிழக்கே ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. இப்போது இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கவில்லை, உதவி செய்தன. விளையுள் மூன்று நொட், திசை நூற்று ஏழு. அவர்கள் ஆழமான கால்வாயில், திறந்த கடலை நோக்கி, நாங்கள் நினைத்ததைப்போல் இருமடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். தாள்கள் படிந்தன. அவர் அவற்றை வழக்கத்தைவிட நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். மீட்புப் படகு திரும்பியது.

மரியதாஸ் இணைப்பிலேயே இருந்தார்.

"தம்பி, படகு திரும்பி வருது. இருபது நிமிசம்."

"இருபதோ? முந்தியும் இருபது எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம். அது என்ரை பிழை."

பதில் வரவில்லை. பேட்டரி முடிந்திருந்தது. நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ தெரியவில்லை.

அடுத்த இருபது நிமிடங்களில் எனக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. மனத்துக்குள் ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். நாள்தோறும் ரயிலில் ஹாரோவைத் தாண்டுமுன் முடித்துவிடும் பதிகம் அது. அன்று நான்காம் பாட்டிலிருந்து ஐந்தாம் பாட்டுக்குப் போக முடியவில்லை. நான்காவதையே பலமுறை பாடினேன். திருமதி டன்மோர் நின்றார். கொலின் மூவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார். எவரும் தொடவில்லை என்பதைப் பார்த்துத் தமதையும் தொடவில்லை.

வானொலி பேசியது. நாங்கள் குறித்த இடத்துக்கு முக்கால் மைல் கிழக்கே ஓர் இரப்பர் படகு. இரண்டு பேர். ஒருவர் கையசைக்கிறார். மற்றவர் பேசவில்லை, மூச்சு இருக்கிறது.

திருமதி டன்மோர், "நன்று," என்றார். பிறகும் உட்காரவில்லை.

கால்மணி கழித்து வானொலி மீண்டும் பேசியது. "மற்றவர் இப்போது பேசுகிறார். மொழி புரியவில்லை. முதலாமவரைத் திட்டுகிறார் என்று நினைக்கிறோம்."

"பதிவேட்டில் எழுதுங்கள், மிஸ்டர் சிவா," என்றார் அவர். எழுதினேன்: காற்றின் திசை தலைகீழாகப் பதிவாயிற்று, பதிந்தவர் சிவபாதம், மீட்பு தாமதமானது. பெயரை முழுதாக எழுதினேன். அவர் படித்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். அடுத்த வாரம் புதிய படிவங்கள் அச்சாகி வந்தன. காற்றுக் கட்டத்தின் மேல், "எங்கிருந்து?" என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது. இப்போது கணினியும் எண்ணைக் கேட்பதற்கு முன் அதையே கேட்கிறதாம். அம்பையும் அதுவே வரைகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. அதற்குக் காதில் கருவியைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லும் வேலை இல்லை.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு மரியதாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோர்ண்டன் ஹீத்திலிருந்து மூன்று ரயில் மாறி, பனிக்கட்டிப் பெட்டியில் முழு மீன் ஒன்றைச் சுமந்துகொண்டு. எங்கள் வீட்டுப் படியில் மீன் ஏறுவதில்லை. அதைச் சொல்லவும் முடியாமல், வாங்கவும் முடியாமல் நான் நின்றபோது என் மனைவி பெட்டியை வாங்கி நேரே அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "மெத்தப் பெரிய மீன், தம்பி," என்றாள். அது உண்மை.

அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் நன்றிப் பூசை வைத்திருக்கிறார்களாம். தங்களைக் காப்பாற்றிய தமிழ் ஐயா என்று என் பெயரைச் சுவாமியார் சொல்லப்போகிறாராம். நானும் வந்து முன்வரிசையில் இருக்கவேண்டுமாம். நான் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தை வரைந்தும் காட்டினேன். நாற்பது நிமிடங்கள் என் கையால் போயின என்றேன்.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

"கேட்டது ஐயா, கடைசியாச் சொன்னது," என்றார். "கடலிலை பிழை விட்டவை கனபேரைக் கண்டிருக்கிறன். கரையிலை கதிரையிலை இருந்துகொண்டு பிழை விட்ட ஆளை இப்பத்தான் பாக்கிறன்."

"ஓம்," என்றேன்.

"மச்சானுக்குச் சொல்ல மாட்டன். சொன்னா, என்னை விட்டிட்டு உங்களை ஏசத் துவங்கிடுவான். அவனுக்கு என்னை ஏசுறதுதான் உடம்புக்கு நல்லது."

பூசைக்குப் போனேன். பின்வரிசையில் இருந்தேன். சுவாமியார் என் பெயரைச் சொல்லவில்லை. மீட்புப் படகில் சென்றவர்களின் பெயர்களைச் சொன்னார். மரியதாஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து விசாரணை. அறையில் பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகும். திருமதி டன்மோரும் நானும் மட்டும் இருந்து கேட்டோம். தமிழ்ப் பகுதிகளை நான் மொழிபெயர்க்க, அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். "அப்ப இருந்து தென்கிழக்கே தள்ளிக்கொண்டே போகுது" என்ற மரியதாசின் குரல் வந்தது. அதன்பின் ஒலிநாடாவில் எதுவும் இல்லை. பிறகு, "மேடம், கட்டத்தில் உள்ள எண் பிழை," என்ற என் குரல்.

அவர் நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி, மறுபடி கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்கே பதினொரு விநாடி மௌனம் இருக்கிறது, மிஸ்டர் சிவா. என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன், மேடம்."

"தயாராயிற்றா?"

"ஆயிற்று. வரைந்து பார்த்தேன். நான்கு மைல் பிசகியது."

அவர் அறிக்கைத் தாளில் பென்சிலை வைத்தபடி இருந்தார். பிறகு எழுதினார். தாளைத் தலைகீழாகப் படிக்க எனக்குத் தெரியும்; என் தொழிலில் அது சாதாரணம். "பதினொரு விநாடி: சரிபார்த்தல்" என்று எழுதியிருந்தார். ஒலிநாடாவை மேலே ஓடவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். மூன்று நொட் என்றால் விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். அந்தப் பதினொரு விநாடியில் அவர்கள் படகு பதினேழு மீட்டர் போயிருக்கும். தேடும் படகுக்குப் பதினேழு மீட்டர் ஒரு பொருட்டே அல்ல. எந்த விசாரணையும் அதைக் கேட்காது. எங்கள் வாசற்படியிலிருந்து அளந்து பார்த்தேன். எதிர்வரிசையில் இரண்டாம் வீட்டின் மதிற்சுவர் வரை போகிறது. காலையில் கோயிலுக்குப் போகும்போது அந்தத் தூரத்தைத் திருநாமம் சொல்லாமல், வாய்மூடிக் கடக்கிறேன். மதிற்சுவரைத் தாண்டிய பிறகே தொடங்குகிறேன்.